எட்டு நாள் வயிறு

— நல்ல காலை மடக்குங்க மாமா. வயித்தை இப்படிக் கல்லாட்டம் வெச்சிருந்தா நான் எப்படித் தேய்க்கிறது?

— மடக்கியாச்சும்மா. ரைட், போ.

— கண்டக்டர் வேலையை விட்டுப் பத்து வருஷமாச்சு, இந்த ரைட் மட்டும் உங்களை விட்டுப் போகல. எண்ணெய் சூடு போதுமா?

— போதும் போதும். நாலு தேய் தேய்ச்சுட்டு உன் வேலையைப் பாரு.

— இதைவிட என்ன வேலை? கால்ல மாவுக்கட்டோட வீட்டுக்கு வந்து எட்டு நாளாச்சு, ஒரு தடவைகூட வெளிக்குப் போகல. சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா மறுபடி ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்கு விளையாட்டா இருக்கா?

— சாப்பிட்டாத்தானே போகும்?

— பொய் சொல்லாதீங்க. இடப்பக்கம் அடியில கட்டி கட்டியாக் கையில தட்டுப்படுது.

— ம்.

— தப்பு என் மேலதான் மாமா. ஆஸ்பத்திரியில அந்தப் பிசியோதெரபிஸ்ட் எனக்கு எதிர்ல நின்னு, தன் வயித்துலயே தேய்ச்சுக் காட்டினார். நான் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் பிடிச்சுக்கிட்டேன். அஞ்சு நாளா இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமாத் தேய்ச்சிருக்கேன், குடல் போற வழிக்கு நேர் எதிரா. நேத்து ஃபோன்ல கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது.

— அதுக்கு ஏம்மா கண்ணைக் கசக்குற?

— பின்ன? உங்க பிள்ளை கப்பல்லேர்ந்து வர இன்னும் ரெண்டு மாசம். மத்தியானம் அண்ணி வந்து இறங்குவாங்க. எங்கப்பாவை நம்பி விட்டேன், வயித்தை வீங்க வெச்சிருக்கியேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

— அவ கிடக்கா. என் பொண்ணுதான், ஆனா வாய் நீளம்.

— பேசாம மூச்சை விடுங்க. இப்ப சரியாப் போறேன். வலப்பக்கம் அடியிலேர்ந்து மேல... விலா எலும்புக்குக் கீழ குறுக்கால... அப்படியே இடப்பக்கமாக் கீழ. கடகடன்னு சத்தம் கேக்குது மாமா! வருதா?

— இல்ல.

— நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?

— ஹோல்டான்! கையை எடு!

— இப்பத்தான் அசையுது, இப்பப் போய் எடுன்னா? இருங்க, பெட்பேன் வைக்கிறேன்.

— அதைத் தொடாத! வேண்டாம்னா வேண்டாம்!

— ஏன் மாமா? இன்னிக்கும் தப்பாத் தேய்ச்சுட்டேனா?

— நீ தப்பாத் தேய்ச்சப்பவே வந்துச்சும்மா. நாந்தான் எட்டு நாளா அடக்கிக்கிட்டுக் கிடக்கேன். மருமகளை விட்டு அதை அள்ள வெச்சுட்டு, அப்புறம் உன் முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?