மோப்ப மெஷின்

— முடியாதுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— ஏம்மா இப்படி அடம் பிடிக்கிறே? அஞ்சு மணிக்கு மெஷின்காரர் வந்துடுவார். கையெழுத்துப் போட்டா மெஷின் நமக்கு. இல்லேன்னா கழட்டிட்டுப் போயிடுவார். பேக்கரி புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, நான் மட்டும் போட்டா செல்லாது.

— கழட்டிட்டுப் போகட்டும். இருபது வருஷமா மாவுத் தொட்டி மூடியைத் திறந்து, மோந்து பாத்து, மாவு ரெடியா இல்லையான்னு சொல்றது நீங்க. இப்ப தொட்டிக்குள்ள ஒரு குச்சியை விட்டு, அது மோந்து பாத்து, போர்டுல எழுதிக் காட்டணுமாக்கும்.

— காலம் மாறுதில்ல...

— பெரிய காலம்!

— ஓவன் மாஸ்டர் கூட முதல்ல கேலி பண்ணினார். "முதலாளிக்குப் போட்டியா ஒரு மூக்கு வந்திருக்கு"ன்னார். அதுக்குத்தானே ஒரு மாசம் நோட்டு போட்டோம்? ஒரு பக்கம் மாவு ரெடின்னு என் மூக்கு சொன்ன நேரம், ஒரு பக்கம் மெஷின் சொன்ன நேரம். புதுசா ஒண்ணு வந்தா கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது, விரட்டவும் கூடாது. சோதிச்சுப் பாக்கணும்.

— நோட்டைப் பாத்தேன்.

— பாத்தியா? முப்பது நாளும் ஒத்துப் போகுதா இல்லையா?

— போகுது. நிமிஷம் பிசகாம.

— அப்புறமென்ன?

— நீங்களும் நானும் என்னிக்காவது ஒரு நாள் இப்படி ஒத்துப் போயிருக்கோமா?

— ஹ... அது வேற கதை.

— சிரிக்காதீங்க. பன்னெண்டாம் தேதி என்ன எழுதியிருக்கு?

— இரு... மெஷின் ஆறு இருபத்தஞ்சு. நானும் ஆறு இருபத்தஞ்சு.

— அன்னிக்குக் காலையில குச்சியோட ஒயரைப் பிடுங்கி விட்டது நான்தான். போர்டுல இருந்தது முந்தின நாள் நேரம்.

— ஒயரைப் பிடுங்கினியா? எதுக்கு?

— நீங்க எதைப் பாத்து எழுதுறீங்கன்னு பாக்கத்தான்.

— ஆனா... அன்னிக்கு ரொட்டி நல்லாத்தானே வந்துச்சு? ஒண்ணு கூட மிச்சமில்லையே!

— எப்படி வராம இருக்கும்? அன்னிக்கு நல்ல குளிர். மாவு பக்குவத்துக்கு வரல, வாசனையே எழும்பல. நீங்க "ரெடி"ன்னு எழுதிட்டு அந்தப் பக்கம் போனதும், ஓவன் மாஸ்டர்கிட்ட "அரை மணி நேரம் பொறுங்க"ன்னு சொன்னேன்.

— உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— இருபது வருஷமா பக்கத்துல நிக்கிறேன். என் மூஞ்சியில இருக்கிறது என்ன, பொம்மை மூக்கா? சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க.

— அந்தக் காய்ச்சல் வந்துச்சில்ல... நாலு மாசம் முன்னாடி. காய்ச்சல் போயிடுச்சு. வாசனை மட்டும் திரும்பி வரல. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்"னுட்டார்.

— டாக்டர்கிட்ட போனீங்களா? தனியாவா?

— ம்...

— அடப் பாவி மனுஷா...

— பள்ளிக்கூடத்துல இருந்து எண்பது ரொட்டி, புளிப்பு அடிக்குதுன்னு திரும்பி வந்துச்சே... ஈஸ்ட் சரியில்லேன்னு உங்ககிட்டயெல்லாம் சொன்னேன். பொய்ம்மா. மாவு புளிச்சது எனக்குத் தெரியவே இல்ல. பேக்கரிக்காரனுக்கு மூக்கு போச்சுன்னா அப்புறம் அவன் எதுக்கு? ரொம்ப ஒடிஞ்சு போயிட்டேன். அந்த நேரம் பாத்து மெஷின்காரர் கடைப் படி ஏறி வந்தார். கடவுளே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு.

— என்கிட்ட சொன்னா என்னங்க?

— எப்படிச் சொல்றது? சாயங்காலம் வேலை முடிஞ்சு நீ பக்கத்துல வந்து உக்காந்தா, உன் மேல சூடா ரொட்டி வாசனை அடிக்கும். அதுக்காகவே கொஞ்ச நேரம் எழுந்திருக்காம உக்காந்திருப்பேன். இப்ப... அதுவும் இல்ல. ஏய், அழறியா?

— இல்ல, சிரிக்கிறேன். கேக்கிற கேள்வியைப் பாரு.

— இங்க வா.

— விடுங்க, வேலை செய்றவங்க பாக்கப் போறாங்க.

— பாக்கட்டும்... சரி, மனசுல இருந்ததைச் சொல்லிட்டேன். மெஷினை அனுப்பிடலாமா?

— எதுக்கு அனுப்பணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா அது தப்புச் சொன்னா பிடிக்க ஆள் வேணும். நாளையில இருந்து நோட்டுல ஒரு பக்கம் அது, மறுபக்கம் நான். எல்லார்கிட்டயும் நீங்களே விஷயத்தைச் சொல்லிடுங்க. சிரிக்க மாட்டாங்க.

— மாட்டாங்களா?

— மாட்டாங்க. மாவு பிசையிற பக்குவம் உங்க கையில இருக்கு. அது எங்கேயும் போகல.

— அப்போ கையெழுத்து மாட்டேன்னு நின்னது...?

— நீங்களா வாயைத் திறந்து சொல்லணும்ல. பேனாவை எடுங்க.

— அதோ, மெஷின்காரர் வண்டி வந்துடுச்சு. நீ போய் உக்காரச் சொல்லு, நான் முகத்தைக் கழுவிட்டு வரேன். ஆனா... அவருக்கு உன்னைப் பழக்கமில்லையே. அவர் வர்றப்பல்லாம் நீ உள்ளேயே இருந்துட்டே.

— பழக்கம்தான். ஒரு நாள் அடுப்புல பால் தீஞ்சு போய் வீடே நாறுச்சு, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. மறுநாளே அவருக்குப் போன் பண்ணி, "நான் கூப்பிட்டேன்னு சொல்லாம வாங்க"ன்னு அழைச்சது நான்தாங்க.