உள்ளேயே நிற்கிற குண்டு

– முன்னூத்தி எழுபத்தஞ்சுன்னு நான் தொண்டை கிழிய சொல்றேன், நீங்க நானூத்தி அம்பத்தெட்டுத் துப்பாக்கிக் குழாயை எடுத்து மேசையில வைக்கிறீங்க. காது கேக்குதா இல்லையா, வைனாண்ட் மாமா?

– காது நல்லாத்தான் கேக்குது, எல்சபே. மூளைதான் ஏத்துக்க மாட்டேங்குது. உன் பையன் என்ன மான் சுடவா போறான்? காட்டெருமை, பொண்ணே, காட்டெருமை! அதுக்குப் போய் இருக்கறதுலயே சின்ன அளவைக் கேக்குற.

– அவன் எதைச் சுடப் போறான்னு பெத்தவ எனக்கு...

– அந்தச் சின்ன அளவைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உன் புருஷன் செத்தான்!

– முடிச்சிட்டீங்களா?

– முடிக்கல. அந்த மூலையைப் பாரு. கெரிட்டோட துப்பாக்கிதான் நிக்குது. எருமை மிதிச்சு கட்டை ரெண்டாப் போனது போனபடியே கெடக்கு. மூணு வருஷமா காலைல பட்டறைக் கதவைத் தெறந்தா மொதல்ல என்னைப் பாக்குறது அதுதான். அவன் சின்னது கேட்டான், நானும் தலையாட்டிட்டுச் செஞ்சு குடுத்தேன். பெருசா குடுத்திருந்தா எருமை நின்னிருக்கும். அதே தப்பை அதே வீட்டுக்கு இன்னொரு தடவை செய்ய மாட்டேன். கர்த்தர் சாட்சி.

– அப்ப நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்.

– போ. பிரிட்டோரியா வரைக்கும் போ. பையன் தோளை அளவெடுத்து, அதுக்குப் பொருந்துற மாதிரி கட்டை செதுக்க எவன் இருக்கான்னு நானும் பாக்குறேன். ...எந்திரிக்காதே, உக்காரு. காப்பி ஆறுது. அந்த ரஸ்க்கை நனைச்சாவது தின்னு. மூஞ்சி காஞ்சு கெடக்கு.

– இது ரஸ்க்கா? இதை விட்டெறிஞ்சே எருமையைக் கொல்லலாம்.

– அப்பாடா. வாயைத் தெறந்தா கேலி. பழைய எல்சபே இன்னும் உள்ளதான் இருக்கா.

– ஐயோ! என்ன சத்தம் அது?

– காப்பியைக் கொட்டிட்டியே. டேவால்ட்தான், பொண்ணே. பின்னாடி மண்மேட்டுல சுட்டுப் பாக்குறான். ஒண்ணொண்ணும் ஒரு அளவுல மூணு துப்பாக்கி குடுத்து விட்டேன். இப்ப வெடிச்சது நானூத்திப் பதினாறு. எந்த உதை ஒத்துக்குதுன்னு அவன் தோளே சொல்லட்டும். நீயும் நானும் இங்க கத்தி என்ன ஆகப்போகுது?

– என்னைக் கேக்காம ஏன் குடுத்தீங்க?

– அவன் உரிமம் வாங்கின வேட்டைக்காரன்டி! அடுத்த மாசம் வெளிநாட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போறான். வர்றவன் என்ன பண்ணுவான்? கை நடுங்கி எருமை வயித்துல சுட்டு வச்சிட்டு ஜீப்புல போய் ஏறிக்குவான். புதருக்குள்ள பூந்து அதை முடிக்க வேண்டியது யாரு? உன் பிள்ளை. அது பத்தடியில வந்து முட்ட நிக்கும்போது...

– இருபத்தாறு வருஷம் வேட்டை முகாம் நடத்துனவ நான், மாமா. எனக்கே பாடமா?

– தெரிஞ்சும் சின்னது கேக்குறியே, அதான் புரியல. சரி, பதினெட்டு வயசுக்குன்னு அவனுக்கு ஒரு நானூத்தி அம்பத்தெட்டு செஞ்சு குடுத்தேனே, அது எங்க? அதையே கொண்டா. புதுசு எதுக்கு?

– அது இல்ல.

– இல்லன்னா? திருட்டுப் போச்சா?

– லிம்போப்போவுல போட்டுட்டேன். பாலத்துக்கு மேல நின்னு.

– ஆத்துலயா? எட்டு மாசம் உக்காந்து செதுக்கினேன், அதைக் கொண்டுபோய்... அது என்ன பாவம் பண்ணுச்சு? அன்னைக்கு அந்த எருமையை விழுத்தாட்டினதே அதுதானே! அது இல்லேன்னா பையனையும் சேத்துப் பொதச்சிருப்போம்.

– மாமா, கதவைச் சாத்துங்க.

– எதுக்கு?

– சாத்துங்க. அவன் இன்னும் சுட்டுக்கிட்டுத்தானே இருக்கான்?

– இருக்கான். ...இந்தா, சாத்தியாச்சு. இப்ப சொல்லு.

– அன்னைக்கு நடந்தது என்னன்னு சொல்லுங்க, பாப்போம்.

– ஊருக்கே தெரிஞ்ச கதை. காயம்பட்ட எருமை புதர்லேருந்து வந்துச்சு. கெரிட் சுட்டான், நிக்கல. அவனை முட்டிச்சு. பையன் இந்தப் பக்கத்துலேருந்து ஒரே குண்டு, எருமை விழுந்துச்சு. போய்ப் பாத்தா கெரிட்டுக்கு உயிர் இல்ல.

– இந்தப் பக்கம் பையன். நடுவுல எருமை. எருமைக்கு அந்தப் பக்கம் கெரிட்.

– ஆமா.

– அவரைக் குளிப்பாட்டுனது நான். வேற யாரையும் தொட விடல. தொடையில கொம்பு கிழிச்சிருந்துச்சு. அது தையல் போட்டா ஆறுற காயம், மாமா. நெஞ்சுல இன்னொண்ணு இருந்துச்சு. வட்டமா, சுத்தமா, என் சுண்டுவிரல் போற அளவு. கொம்பு அவ்வளவு நேர்த்தியா குத்தாது.

– கர்த்தரே...

– துணியை வச்சு அடைச்சேன். மேல கல்யாணக் கோட்டைப் போட்டு பட்டனையெல்லாம் பூட்டுனேன். எருமைன்னு எல்லாரும் சொன்னாங்க, எருமைன்னே பொதச்சோம்.

– பையனுக்கு?

– தெரியாது. தெரியவே கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே அவனையும் அவங்கப்பா பக்கத்துல வைக்க வேண்டியதுதான். இப்பவே ஒரு மாதிரிதான் இருக்கான். ஒரு எருமையைக் கண்டா, எவ்வளவு நேரமானாலும் சரி, சுத்திக்கிட்டுப் போய் அதுக்கு அந்தப் பக்கம் யாராவது நிக்குறாங்களான்னு பாத்துட்டு வந்துதான் சுடுறான்.

– அது நல்ல பழக்கம்தானே.

– நல்ல பழக்கமா! அந்தப் பக்கம் அவன் யாரைத் தேடுறான்னு எனக்குத் தெரியும். வீட்டுல மட்டும் என்ன வாழுது? சாப்பாட்டு மேசையில எனக்கே தெரியாம மூணாவது தட்டு வச்சிடுறேன். டேவால்ட் அதைப் பாத்துடுவான். எடுத்து அலமாரியில வச்சுட்டு வந்து சாப்பிடுவான். அதான் சின்னது கேக்குறேன், மாமா. ஊடுருவிப் போகாம எருமைக்கு உள்ளேயே நிக்கிற குண்டு வேணும்.

– கேளு பொண்ணே. சின்ன அளவுன்னா உள்ள நிக்கும்னு உனக்கு யாரு சொன்னா? முன்னூத்தி எழுபத்தஞ்சு ஒல்லி. கெட்டிக் குண்டு போட்டா பெருசைவிட ஆழமாகூடப் போகும். குழாய் அளவுல ஒண்ணுமே இல்ல, எல்லாம் குண்டோட தினுசுலதான் இருக்கு. ஈயமூக்கு குண்டுன்னா எருமைக்குள்ள போய் மூக்கு மலர்ந்து பெரும்பாலும் அங்கேயே நின்னுரும். கெட்டிக் குண்டுதான் மலராம இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரும்.

– இல்ல. அளவுதான் காரணம்.

– இது உனக்குத் தெரியாததா? எருமைக்குப் போகும்போது துப்பாக்கிக்குள்ள மேல ஈயமூக்கு, அடியில கெட்டி. முதல்ல வெடிக்கிறது எப்பவும் ஈயமூக்கா இருக்கணும். அந்த விஷயத்துல கெரிட் எவ்வளவு கறாரு! அப்படியிருந்தும் பையனோட முதல் குண்டே எப்படி ஊடுருவிப் போச்சு?

– முந்தின நாள் யானைத் தடத்துல போயிருந்தாங்க. யானைக்கு எல்லாமே கெட்டிதான்.

– அது யானைக்கு. எருமைக்குக் கிளம்புன அன்னைக்குக் காலைல மாத்திப் போட்டிருக்கணுமே. மாத்தலையா?

– அளவுதான்னு சொல்றேன்ல! பாழாப்போன அந்தப் பெரிய குழாய்தான் காரணம். குண்டைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க!

– சரி சரி. கத்தாதே. நான் எதுவும் பேசல.

– சத்தம் நின்னுருச்சு. அவன் வர்றான். மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், சின்னதுதான் நல்லதுன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பான்.

– வேண்டாம்னு இவ்வளவு நேரம் கத்துனது நான்தானே, எல்சபே. புதருக்குள்ள அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த மூலையில ரெண்டாவது துப்பாக்கி நிக்கும்.

– தெரிஞ்சுட்டா அவனே நிக்க மாட்டான், மாமா. கதவைத் தெறங்க. மூஞ்சியை மாத்துங்க.

– என்ன ரெண்டு பேரும் கதவையெல்லாம் சாத்திக்கிட்டு? அம்மா, அழுதியா?

– ரஸ்க் தொண்டையில மாட்டிக்கிச்சுடா.

– மாமா வீட்டு ரஸ்க்கா? எதுக்கும் பல்லை எண்ணிப் பாத்துக்கம்மா.

– வாடா டேவால்ட், என் ரஸ்க்கை வையறதுக்குன்னே பொறந்த குடும்பம். தோள் என்ன சொல்லுது?

– நானூத்திப் பதினாறு பாந்தமா உக்காருது, மாமா. உதைக்குது, ஆனா ஆளைத் தூக்கிப் போடல. பெரியவரு, அந்த நானூத்தி அம்பத்தெட்டு, கண்ணைக் கலங்க வச்சிட்டாரு.

– ம்... முன்னூத்தி எழுபத்தஞ்சும் ஒண்ணும் மோசமில்ல. நாள் பூரா தூக்கிட்டு நடக்க லேசு. குறியும் தப்பாது.

– நீங்களா மாமா பேசுறது? போன வாரம் ஃபோன்ல, அதை வாத்து சுடறவன் எவனுக்காவது குடுத்துருன்னு சொன்னீங்களே!

– வயசாயிடுச்சுடா. மனசு மாறுது.

– ஒரு கப் காப்பியிலயா? அம்மா மாத்திட்டாளா?

– நான் என்னடா சொன்னேன்? லேசா இருந்தா உனக்கு நல்லதேன்னு...

– சரிம்மா. நீ கேக்குறதே இருக்கட்டும். முன்னூத்தி எழுபத்தஞ்சே செய்யுங்க, மாமா. கட்டையை மட்டும் அரை விரல் நீட்டி விடுங்க. எனக்குக் கை நீளம்.

– நெசமாத்தான் சொல்றியா, டேவால்ட்? எனக்காக இல்லையே?

– நெசமாத்தான். அளவுல என்னம்மா இருக்கு?

– அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், நல்லா கேட்டுக்கடா. எந்தக் குழாயா இருந்தாலும் சரி, எருமைக்குப் போற அன்னைக்கு மேல...

– மாமா! போதும்.

– ஏம்மா அவரை அடக்குற? மேல ஈயமூக்கு, அடியில கெட்டி. அவர் சொல்ல வந்தது அதுதானே. முகாமுக்கு நீயும் வா, எப்பவும்போல துப்பாக்கியைத் துடைச்சு வை. ஆனா குண்டை மட்டும் இனிமே நானே போட்டுக்கிறேன். அப்பா செத்த அன்னைக்குக் காலைல நீ குண்டு போட்டு என் கையில குடுத்ததை நான் ஒரு தடவை தெறந்து பாத்திருக்கணும்மா.