பின்சீட்டுக் காட்சி

சார், உங்கள் ஸ்டேஷன் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன், அடியில் பூசிய பட்டி காய்வதற்குள் அடித்துவிட்டான். அதனால்தான் அங்கங்கே கொப்புளம் கிளம்பியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வேறு வழியில்லை. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும்.

நான் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். இறந்துபோனவன் என் தம்பி. நீங்கள் உள்ளே வைத்திருக்கும் வெல்டர் எங்கள் பட்டறையில் வேலை செய்பவன், தம்பிக்கு உயிர் நண்பன். தம்பியின் கழுத்தில் கிடந்த கயிற்றை இழுத்தது அவன் கைதான். அவனும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பான ஆளை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

எல்லாம் ஒரு விளையாட்டு. வார விடுமுறையன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டறையில் கூடுவோம். நான், தம்பி, வெல்டர், நசுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்தும் டிங்கர் அண்ணன், என் மனைவி. பழைய படங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்போம். அந்தப் படத்தை இன்றைக்குத் திரும்ப எடுத்தால் யார் யாரைப் போடுவது என்பதுதான் ஆட்டம். தம்பி, டிங்கர் அண்ணன், நான், மூவரும் டைரக்டர்கள். முறை வைத்து ஆளுக்கொரு நடிகராகக் கேட்க வேண்டும். ஒருவர் எடுத்துவிட்டால் அந்த நடிகர் மற்றவர்களுக்குக் கிடையாது. கடைசியில் யார் படம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் கை தூக்க வேண்டும். தன் படத்துக்குத் தானே தூக்கக்கூடாது. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. எல்லோரும் அதே நாலு நடிகர்களுக்கு அடித்துக்கொண்டோம். அப்போது தம்பிதான் ஆட்டத்தை மாற்றினான்.

"நடிகருங்களை விடுங்க. நம்மளையே எடுப்போம். எடுத்த ஆளை வெச்சு ஒரே ஒரு சீன் செல்போன்ல பிடிச்சுக் காட்டணும். அதைப் பாத்துட்டு ஓட்டு."

பட்டறை ஆள், வீட்டு ஆள், எதிர்வரிசைத் தையற்கார அம்மா, யாராக இருந்தாலும் எடுக்கலாம். டைரக்டரும் அடுத்தவர் படத்தில் நடிக்கலாம். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் வெட்டுக்குத்துப் படங்கள் என்பதால், அதற்குப் பிறகு பட்டறையில் பிணம் விழாத வாரமே இல்லை. டிங்கர் அண்ணனை ஜாக்கிக் கம்பியால் மண்டையில் போட்டார்கள். வெல்டரைக் கார் டிக்கிக்குள் அடைத்துக் குத்தினார்கள். தையற்கார அம்மா தன் கத்தரிக்கோலாலேயே என் மனைவியின் கழுத்தை அறுத்தார்கள், பார்த்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. ரத்தம் கலப்பது மட்டும் என் வேலை. சிவப்பு ப்ரைமரில் தின்னர் ஊற்ற வேண்டும். காய்ந்த ரத்தமென்றால் ஒரு சொட்டுக் கறுப்பு சேர்க்க வேண்டும். ரத்தத்தை எல்லோரும் பாராட்டுவார்கள்.

என்னை நடிக்க எடுப்பது கடைசிச் சுற்றில், வேறு யாரும் மிச்சமில்லாதபோது. பிணம் வேஷத்துக்கு. ஒருமுறை தம்பி படத்தில் என் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். பின்மண்டை இரும்புப் படியில் இடித்து நிஜ ரத்தம் வந்துவிட்டது. தம்பி பதறிப்போய்த் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அழுத்தினான். டிங்கர் அண்ணன் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"மண்டை ஒடைஞ்சும் அசையாம கெடக்கான் பாரு. இதுதான்யா பிணம்!"

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் எடுத்த படங்களுக்கு விழுவது ஒரே ஒரு ஓட்டு. அது தம்பியுடையது. டிங்கர் அண்ணன் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவன் கை எனக்குத்தான் மேலே போகும். தோற்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்பவன் அல்ல, சார். அந்தக் கையைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். "பாவம் பாத்துப் போடறதுக்கும் ஒரு மனசு வேணும். அதுவும் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. அவள் எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுபவள் அல்ல. எனக்குத்தான் சுருக்கென்றது.

இன்னொரு விதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை என் படத்தில் வெல்டர் பாதியில் சிரித்துத் தொலைத்துவிட்டான். காட்சி பாழானது. உடனே தம்பி எனக்காக ஒரு விதி போட்டான். "யார் படமோ அவங்கதான் கட் சொல்லணும். சொல்ற வரைக்கும் உயிரே போனாலும் யாரும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அந்த ஆளுக்கு அடுத்த ஆட்டத்துல இடமில்ல." அவன் என்ன செய்தாலும் எனக்காகவே செய்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வாரம் சீட்டில் வந்தது ஒரு டாக்சி டிரைவர் கதை. பின்சீட்டில் உட்கார்ந்து வருபவன் டிரைவரின் கழுத்தில் கயிற்றைப் போட்டு நெரிக்கும் காட்சியைத்தான் எடுக்க வேண்டும். முதலில் கேட்கும் முறை எனக்கு வந்தது.

"டிரைவருக்கு என் தம்பி" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனை நான் அதுவரை எடுத்ததே இல்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நெஜமாவா அண்ணே? என்னை நீ எடுக்கவே மாட்டேன்னு நெனச்சேன்."

அடுத்து அவன் முறை. வழக்கமாக அவன் முதலில் கேட்பது வெல்டரைத்தான். எருமை பலம், சொன்னதைச் செய்வான், அப்படி ஒரு நடிகன் எங்களில் வேறு யாருமில்லை. தம்பி என் தோளில் கை போட்டான். "வெல்டரையும் நீயே வெச்சுக்கோ அண்ணே. இந்தப் படமாவது உனக்கு நல்லா வரணும்."

அந்த நிமிடம் வரை என் மனதில் எதுவும் இல்லை. நீங்கள் இதை நம்ப வேண்டும். விட்டுக்கொடுத்தான் பாருங்கள், அப்போதுதான் வந்தது.

கதவு நசுங்கி வந்த ஒரு கார் பெயின்டுக்குத் தயாராக நின்றது. பெயின்ட் அடிக்கும் முன் கண்ணாடி முழுவதையும் பழைய பேப்பரால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிடுவோம். முன்கண்ணாடிப் பேப்பரில் டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெட்டினேன். செல்போனை அதில் வைத்துவிட்டால் உள்ளே நடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் படம் ஓடும்போது பார்த்தால் போதும் என்றேன். அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

கயிறு கழுத்தைத் தளர்வாகச் சுற்றிப் பின்னால் போய், சீட்டுத் தலையணையைத் தாங்கும் கம்பிகளில் முடிச்சுப் போட்டு நிற்கும். மிச்சக் கயிறு வெல்டர் கையில். அவன் எவ்வளவு இழுத்தாலும் கம்பிதான் தாங்கும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒத்திகையில் வெல்டர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

"வேணாம்ண்ணே, வலிக்கப் போகுது."

"இழுடா தடியா," என்றான் தம்பி. "முடிச்சு கம்பியில இருக்கு. நீ காரையே இழுத்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. அண்ணன் படம், சொதப்பிடாதே."

வெல்டர் சீட்டில் காலை முட்டுக்கொடுத்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தான். தம்பி உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகு வெல்டரைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். காருக்குள் குனிந்து முடிச்சுகளை அவிழ்த்து, கயிற்றைக் கம்பிகளுக்கு நடுவே வெறுமனே விட்டேன். "என்ன அண்ணே பண்றே?" என்றான் தம்பி. முடிச்சு படத்தில் தெரிகிறது, மறைக்கிறேன் என்றேன். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று தாடையைத் தூக்கிக் காட்டினான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நான்தான் அவனுக்குக் காலர்ப் பொத்தான் போட்டுவிடுவேன், அப்போதும் இப்படித்தான் தூக்குவான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு.

வெல்டர் திரும்பி வந்து பின்சீட்டில் ஏறியதும், சதுரத்தில் செல்போனை வைத்து ஆரம்பிக்கலாம் என்றேன். வெல்டர் இழுத்தான், ஒத்திகையில் இழுத்த அதே பலத்தோடு.

செல்போன் விளக்கு வெளிச்சத்தில் சதுரத்தின் வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தம்பியின் கை கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தது. நகம் தோலைக் கிழித்தது. நான் கலக்கும் ரத்தத்தைவிட அது கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. கால்கள் உதைத்ததில் வண்டியே குலுங்கியது. முழங்கை பட்டு ஹாரன் அடித்தது. வெளியே கை தட்டினார்கள். "இந்தத் தடவை உங்க படம் பிரமாதமா வரும் போலிருக்கே!" என்று மனைவி கத்தினாள். தம்பியின் கண் நேராக என்னைப் பார்த்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. வாய் "அண்ணே" என்று திறந்தது, சத்தம் வரவில்லை.

"அண்ணே, போதுமா?" என்றான் வெல்டர் பின்னாலிருந்து. பேப்பர் மூடிய பின்சீட்டு இருட்டில் அவனுக்குத் தெரிந்தது முன்சீட்டின் முதுகு மட்டும்தான்.

"நல்லா வருது. விடாதே."

அவன் விடவில்லை. கால் உதைப்பது நின்றது. முகம் கறுத்து நாக்கு பல்லுக்கு வெளியே வந்தது. அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் எடுத்தேன், ஏனென்றால் எல்லோரும் அவசரப்பட்டு நிறுத்திவிடுவார்கள், சாவு அப்போதுதான் முகத்தில் உட்கார ஆரம்பிக்கும். பிறகு கட் சொன்னேன். வெல்டர் உடனே கயிற்றை விட்டுவிட்டு, "எந்திரிடா, முடிஞ்சுது" என்று அவன் தோளைத் தட்டினான். இரண்டு மூன்று முறை தட்டினான். அப்புறம் அவன் போட்ட அலறலைத்தான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

வெல்டருக்காக மனம் இரங்கி வந்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்க மாட்டேன். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் காலையில் பேப்பர் பார்த்தேன். திட்டம் போட்டது, ஆளை மடக்கியது, கயிறு கட்டியது, எல்லாம் அவன்தானாம். கயிறு கட்டத் தெரியுமா அந்தத் தடியனுக்கு? என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. இறந்தவரின் அண்ணன் அப்போது அருகில் இருந்தாராம்.

அருகில் இருந்தேன் என்பது தப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நான். பேப்பரில் சதுரம் வெட்டியது நான். முடிச்சை அவிழ்த்தது, விடாதே என்றது, தெரிந்தே கட் சொல்லாமல் நின்றது எல்லாம் நான். என் தம்பியைக் கொன்றது நான். வெல்டர் வெறும் நடிகன், அவனை விட்டுவிடுங்கள்.

செல்போனில் பதிவாகவில்லை என்று அன்று உங்களிடம் சொன்னது பொய். இதோ இருக்கிறது. பெரிய திரையில் போட்டு எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பொறாமையா என்று கேட்கிறீர்கள். சேச்சே, அப்படியெல்லாம் இல்லை. தம்பி மட்டும் இதைப் பார்த்திருந்தால், இந்தத் தடவை பாவம் பார்த்து இல்லை சார், மனசாரக் கை தூக்கியிருப்பான்.