முந்நூறு மீட்டர்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் எலுமிச்சைக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றுகிறீர்கள், அதிகாரி ஐயா. இலை மஞ்சளாகிறதே என்று பயந்து மேலும் மேலும் ஊற்றுகிறீர்கள் போலிருக்கிறது. பத்து நாள் அதைச் சும்மா விடுங்கள், தானே தேறிவிடும்.

நான் வந்தது அதற்காக இல்லை. நேற்று நீங்கள் கடைக்காரி பெப்பாவை மூன்று மணி நேரம் உட்கார வைத்து, அவள் விற்கும் பாக்கெட் ஃபாவா அவரையைத் தின்றுதான் பிரியாமோ தெய்தா செத்துப்போனாரா என்று துருவித் துருவிக் கேட்டீர்களாம். அவள் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டது. பெப்பா தராசில் சுண்டுவிரலை வைத்து நிறுக்கிறவள்தான், அதற்காக எதை வேண்டுமானாலும் அவள் தலையில் கட்டலாமா? அதோடு, அவள் விற்பது போன வருஷத்துச் சொத்தை. அந்தக் குப்பைக்கு இந்தப் பெயர் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிரியாமோ தின்றது எந்த ஃபாவா என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் அந்தியோக்கா முர்ரு. வயது அறுபத்தொன்று. கல்யாணம் இல்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சமைத்தேன். நீங்கள் கடல் தாண்டி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சர்தீனியாவில் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு ஃபாவா ஆகாது. பிறவியிலேயே ரத்தம் அப்படி. தின்றால் ரத்தம் உடைந்துவிடும், கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுப்புத் தேநீர் மாதிரி போகும். சிலர் பிழைப்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரில் அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பருப்புகூட தவறிப் போனதில்லை. தற்பெருமையாக நினைக்காதீர்கள், ஊரைக் கேட்டுப் பாருங்கள்.

என் ஃபாவா என் அப்பாவுடையது. விதை கட்டைவிரல் அகலம், ஓரத்தில் ஊதாக் கரை. நவம்பரில் இறந்தோர் திருநாள் கழிந்ததும் குழிக்கு இரண்டாக ஊன்றுவோம். பூத்த பிறகு நுனியைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பேன் வந்து அப்பிக்கொள்ளும். கிள்ளின கொழுந்தை முட்டையில் போட்டால் என்ன ருசி என்கிறீர்கள். ஒவ்வொரு செடியிலும் அடிக்காயை மட்டும் விதைக்கு விட்டுவிடுவோம். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. அப்பா சொந்தத் தம்பிக்கே கொடுக்கவில்லை. தம்பி சாகக் கிடந்தபோது ஒரு கிண்ணம் கொடுத்தார், அதையும் வேகவைத்துத்தான் கொடுத்தார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் பிரியாமோ பக்கத்து வீட்டுக்கு வந்தார். அவர் பிறந்த வீடு அது. டூரினில் நாற்பது வருஷம் டிராம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றுத் திரும்பியவர். வந்த மூன்றாம் நாள் நகராட்சிக் காவலர் ஒரு காகிதத்தோடு என் வாசலில் நின்றார். என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அவன். காகிதத்தைப் பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

"அந்தியோக்கா அம்மா, மேயர் உத்தரவு. ஃபாவா ஆகாதவங்க வீட்டுலேர்ந்து முந்நூறு மீட்டருக்குள்ள யாரும் ஃபாவா போடக்கூடாது. பூ வாசனையே அவங்களுக்கு ஆபத்தாம்."

"நடுவுல எத்தனை மீட்டர்டா இருக்கு?"

"ஒம்பது, அம்மா."

இருநூற்றுப் பன்னிரண்டு செடி. எல்லாம் பூவோடு நின்றன. நானே பிடுங்கினேன். அந்த வருஷம் விதை எடுக்கவில்லை. முந்தின வருஷத்து விதை ஜாடியில் முக்கால்வாசி இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் பிரியாமோ ஒரு தட்டு பாதாம் இனிப்போடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அஞ்சு வயசுல ஃபாவா தின்னு ஒரு தடவை செத்துப் பொழைச்சேன். இல்லன்னா மேயர்கிட்ட போய் இப்படி ஒரு பாவத்தைப் பண்ணியிருக்க மாட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க."

"உள்ள வாங்க. திட்டுறதுன்னா உட்கார வெச்சுத்தான் திட்டுவேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நல்ல மனுஷர், ஐயா. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வந்தார், பிறகு புதனும் சேர்ந்துகொண்டது, பிறகு நான் கிழமை எண்ணுவதை விட்டுவிட்டேன். வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் "ஃபாவா இருக்கா?" என்று கேட்பார். என் வீட்டில் முதல் வருஷம் கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"சூப்புல உப்பு கம்மி."

"உப்பு சரியாத்தான் இருக்கு. உங்க நாக்குலதான் இன்னும் டிராம் எண்ணெய் ஒட்டியிருக்கு."

"நாற்பது வருஷத்துல ஒரு விபத்து பண்ணினதில்ல, தெரியுமா?"

"தண்டவாளத்து மேல ஓட்டுறதுக்குப் பெருமை வேறயா?"

இப்படித்தான் பேசிக்கொள்வோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். அவர் போன பிறகு, காலியாகக் கிடக்கும் பாத்தியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். எதற்கு ஊற்றுகிறேன் என்று நானே கேட்டுக்கொண்டதில்லை. பழக்கம்.

வேறு ஊரில் போட்டிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையிடம், வெளியே கொடுத்தால் விளங்காது என்ற அப்பா சாபத்தையும் மீறி ஒரு பிடி விதை கொடுத்தேன். தனியாகப் போடு, வேறு ஃபாவாவைப் பக்கத்தில் சேர்க்காதே, தேனீ கலந்துவிடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவள் பெப்பா கடைப் பாக்கெட்டை அடுத்த வரிசையில் போட்டாள். மறுவருஷம் வந்த காயைக் காட்டினாள். முயல் புழுக்கை மாதிரி இருந்தது. அதன் பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு வாளியில் ஒரே ஒரு செடி வைத்துப் பார்த்தேன். ஒரு செடி யாரை என்ன செய்துவிடும்? பூத்த மறுநாள் பிரியாமோவுக்குத் தலைவலி. அதே காவலர் பிள்ளை வந்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். பிரியாமோ மறுபடியும் பாதாம் இனிப்பு கொண்டுவந்தார்.

விதை என்பது ஜாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் உயிர், ஐயா. அது எத்தனை நாள் தூங்கும்? ஒவ்வொரு வருஷமும் இறந்தோர் திருநாளுக்குப் பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி அடுப்புக்கு மேல் பலகையில் வைப்பேன். முதல் வருஷம் ஒன்பது முளைத்தது. அடுத்ததும் ஒன்பது. போன வருஷம் ஆறு. இந்த வருஷம் துணியைப் பிரிக்கிறேன், மூன்று. மற்ற ஏழும் கொழகொழவென்று நாறிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் ஒன்று முளைக்கலாம், அதற்கடுத்த வருஷம் எதுவும் முளைக்காது. பிரியாமோவுக்கு அறுபத்தாறு வயது. அவருடைய அப்பா தொண்ணூற்றெட்டு வயது வரை கல்லு மாதிரி இருந்தவர். எனக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவரைப் போல் ஒரு துணை எனக்கு இந்த வயதில் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அவர் ஒருவர், விதை என் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று வந்தது. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஜாடியை மேஜையில் கொட்டினேன். கனமாக, ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தவற்றில் இருபதைப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டினேன். மிச்சத்தை உரித்து மாவாக அரைத்து, கோதுமையோடு கலந்து ரொட்டிக்குப் பிசைந்தேன். பெப்பாவிடம் வாங்கி அரைத்திருக்கலாமே என்று தோன்றும். விருந்தாளிக்குக் கடைச் சரக்கைப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காட்டுச் சோம்புக் கீரை போட்ட ஆட்டுக்கறி வைத்தேன். ஆட்டுப்பால் சீஸ் இருந்தது. ரொட்டி சூடாக இருந்தது. அவர் நான்கு துண்டு சாப்பிட்டார்.

"இன்னைக்கு ரொட்டி தனி ருசியா இருக்கே, அந்தியோக்கா. என்ன போட்டீங்க?"

"அப்பா காலத்துச் சாமான்."

"நாலு வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"ஜாடியில."

சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட பொய் இல்லை.

திங்கட்கிழமை உடம்பு அசதியாக இருக்கிறது என்றார். குளிர் காலம், இருக்கும் என்றேன். எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கண் மஞ்சளாகியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் ஃபாவா சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிரியாமோவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் கோபம் வந்துவிட்டது.

"அந்தியோக்கா வீட்டுச் சாப்பாட்டைத் தவிர நான் எதையும் தொடல, டாக்டர். அங்க தப்பு நடக்காது. அவங்க முப்பது வருஷம் ஸ்கூல்ல சமைச்சவங்க. வேற இடத்துல தேடுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். போர்வையைச் சரிசெய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். நான் அழுதேன், ஐயா. நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

இந்தாருங்கள் பொட்டலம். இருபது இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி நல்ல வெயில் விழும் இடம் ஒன்று இருக்கிறது, வரும்போது பார்த்துவிட்டேன். குழிக்கு இரண்டு, நடுவில் ஒரு முழம் விடுங்கள். இந்த வாரமே ஊன்றிவிட வேண்டும். ஆறு முளைத்தால் போதும், நான் திரும்பி வரும்வரை தாங்கும். எலுமிச்சைக்குப் போலத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உத்தரவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இப்போது முந்நூறு மீட்டருக்குள் ஃபாவா ஆகாதவர் யாரும் இல்லை.

என்ன காகிதம் அது? கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், எனக்குக் கிட்டத்தில் தெரியாது.

"பிரியாமோவோட மேஜை டிராயர்ல இருந்துச்சு அம்மா. வாடகை ஒப்பந்தம். ரயிலடிக்குப் பக்கத்துல ஒரு வீடு. டிசம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து. ஓரத்துல பென்சில்ல 'ஐந்நூற்று இருபது மீட்டர்'னு எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டிருக்கார். இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அவரே சொன்னார்.

"எப்போ?"

அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வந்து உட்கார்ந்ததும், நாப்கினைக்கூட விரிக்காமல் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நாலு வருஷமா நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பி அந்தக் காலிப் பாத்தியைப் பார்க்கறீங்க. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சீங்களா? நான் கீழ குடி போறேன். ஐந்நூத்தி இருபது மீட்டர், நானே டேப் வெச்சு அளந்துட்டேன். மேயர்கிட்டயும் பேசியாச்சு. நீங்க இந்த வாரமே விதையைப் போடுங்க. ஆனா ஒண்ணு, சாப்பாட்டுக்கு இங்கதான் வருவேன், சொல்லிட்டேன்."

"அவர் இதைச் சொல்லும்போது சாப்பிட ஆரம்பிச்சிருந்தாரா?"

இல்லை. ரொட்டி முழுசாகத் துணிக்குள் இருந்தது. கத்தி என் கையில் இருந்தது.

"அப்ப எடுத்து வெச்சிருக்கலாமே, அம்மா?"

எடுத்திருக்கலாம். அதையும் யோசித்தேன், யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை நான். ஆனால் மேஜைக்கு வந்த ரொட்டியை எடுத்தால் ஏன் என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. அதில் என்ன போட்டேன், எதற்குப் போட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷர் மூன்று வருஷமாக என் வீட்டில் ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிட்டவர். இந்த ஊரில் என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் வேறு யாருக்கும் கிடையாது.

அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதல் துண்டை நானே வெட்டிக் கொடுத்தேன்.