கண்ணு வெக்கற எடம்

அப்படிப் புடிக்கக் கூடாதுங்க டீச்சர். எடது கைய லென்சுக்கு அடியில குடுங்க, தாங்கற மாதிரி. வலது கை அமுக்கறதுக்கு மட்டுந்தான். முழங்கை ரெண்டையும் நெஞ்சோட ஒட்டிக்குங்க. ஆங், இப்ப ஆடாது பாருங்க.

ஒரு கீறல் இருக்காதுங்க. என்ற சம்சாரம் அனிதாவோட கேமரா. கொழந்தையாட்டம் வெச்சிருந்தா. எதுக்கு விக்கறேன்னுதான கேக்கறீங்க, சொல்றேன். மொதல்ல இதப் பாருங்க. பட்டன ஒரேடியா அமுக்காதீங்க. பாதி அமுக்கி நிறுத்துங்க. பீப்னு சத்தம் வந்துச்சுங்களா, போக்கஸ் புடிச்சிருச்சு. அப்பறம் மீதிய அமுக்கோணும். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடற புள்ளைங்கள எடுக்கோணும்னீங்கல்ல, அதுக்கு ஷட்டர் வேகமா இருக்கோணும். ஆயிரத்துல வெச்சீங்கன்னா காலு அந்தரத்துல நிக்கறது அப்படியே வரும்.

இதெல்லாம் அவளுக்கும் நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். வெண்ணந்தூர்ல தறிக்காரங்க ஊட்டுப் புள்ள. கட்டிக்கிட்டு வரையில கேமராவத் தொட்டதுகூட இல்ல. பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் குடுக்கட்டும்னு ஸ்டுடியோவுல உக்கார வெச்சேன். நாலே மாசந்தான். ஜன்னல் வெளிச்சத்துல ஒரு பொம்பளைய உக்கார வெச்சு எடுத்தாள்னா, அந்தம்மா போட்டோவப் பாத்துட்டு அழுவும், நானா இதுன்னு. எனக்கு அப்படி ஒருத்தரும் அழுததில்லீங்க.

தம்மம்பட்டியில ஒரு கல்யாணம். நான் மேடையில நின்னு எடுத்துக்கிட்டிருக்கேன், அனிதா லைட்டு புடிச்சுக்கிட்டிருக்கா. பொண்ணோட அப்பா சரவணமுத்துன்னு ஒருத்தரு. காதோடதான் சொன்னாரு, மரியாதையாத்தான் சொன்னாரு. தம்பி, நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, தாலி கட்டறத அந்தப் புள்ள எடுக்கட்டும்னு. நான் லைட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பதினெட்டு வருசத் தொழிலுங்க டீச்சர். என்ற பொண்டாட்டிக்கு லைட்டு புடிச்சேன். அவ திரும்பி, இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்கன்னா. தூக்கினேன்.

அப்பறம் எந்த போன் வந்தாலும், அக்கா இருக்காங்களா, அக்கா வருவாங்களா. போர்டுல ஜெயபிரகாஷ் ஸ்டுடியோன்னு போட்டிருக்குது, உள்ள வந்தவங்க என்னயப் பாத்து, நீங்க யாருங்கறாங்க.

சண்டையா? சேச்சே. ஒரு நாளும் கை நீட்டுனதில்லீங்க. ஒரு கெட்ட வார்த்த பேசுனதில்ல. பின்னாடிதான் ஊடு, டீ வெச்சுக்கிட்டிருக்கா, வேணும்னா அவளையே கேளுங்க.

அப்பறந்தான் அவளுக்குக் கண்ணு மங்குச்சு. கேமராவுல கண்ண வெச்சா பொகையடிச்ச மாதிரி இருக்குதுன்னா. கண்ணுல தண்ணி, தலவலி. அவங்கம்மா பழனியம்மாளுக்குச் சக்கர நோவுல ரெண்டு கண்ணும் போயிருச்சுங்க. அந்தப் பயம் இவளுக்குச் சின்னதுல இருந்தே உண்டு. சேலத்துக்குக் கூட்டிப் போயி டாக்டர்கிட்டக் காட்டினேன். பார்வை நல்லாருக்குதும்மான்னு சொல்லி அனுப்பிட்டாரு. வர்ற வழியில பஸ்சுல நாஞ் சொன்னேன், உங்கம்மாளுக்கும் மொதல்ல அப்படித்தான சொன்னாங்கன்னு. ஊடு வந்து சேர்ற வரைக்கும் ஒவ்வொரு கண்ணா மூடி மூடி, வெளிய கடை போர்டெல்லாம் படிச்சுப் பாத்துக்கிட்டே வந்தா.

புத்திசாலிதானுங்க. ஒரு நாள் கேட்டா, என்ற கண்ணு மங்குதுன்னா போட்டோ மட்டும் எப்படித் தெளிவா வருதுன்னு. அது மிசின் புள்ள, அதுவா போக்கஸ் பண்ணிக்குது, உன்னால ஒண்ணும் வரலன்னேன். திருச்செங்கோட்டுல ஒரு வளகாப்பு. பாதியில கேமராவ என்ற கையில குடுத்துட்டு மண்டபத்துப் படியில போயி உக்காந்துக்கிட்டா. மிச்சத்த நாந்தான் எடுத்தேன். அதோட அவ தொடல. நல்ல கண்ணு இருக்கறவங்களுக்குக் குடுத்துருங்கன்னு அவளே சொல்லிட்டா.

என்னங்க டீச்சர்? உங்களுக்கும் மங்கலாத் தெரியுதா? பயப்படாதீங்க, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கண்ணு வெக்கற எடத்துக்குப் பக்கத்துல, வலது பக்கம், சின்னதா ஒரு சக்கரம் இருக்குது பாருங்க. சுண்டுவெரல் நகத்தளவுதான் இருக்கும். அதத் திருப்புங்க. இன்னுங் கொஞ்சம். தெளிஞ்சிருச்சுங்களா? அவ்வளவுதான். அதத் திருப்பினா போட்டோவுக்கு ஒண்ணும் ஆவாது. பாக்கறவங்க கண்ணுக்குத் தோதா வெச்சுக்கறதுக்கு இருக்குது. கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரு மாதிரி, போடாதவங்களுக்கு ஒரு மாதிரி.

இல்லீங்க, அவளுக்குத் தெரியாது. எல்லாஞ் சொல்லிக் குடுத்தேன், இது ஒண்ணு மட்டும் சொல்லல. வாரத்துக்கு ஒருக்கா, அவ குளிக்கப் போவையில, அந்தச் சக்கரத்த ஒரு பல்லு நகத்தி வெப்பேன். ஒரேடியா நகத்தினா கண்டுபுடிச்சிருவால்ல.

ஏனுங்க, கீழ வெச்சுட்டீங்க? நான் என்ன அவ கண்ணக் குத்தினேனா? கண்ணு அப்படியேதான் இருக்குது. கேமராவத் தொட்டு ஏழு மாசமாச்சு, இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியோணுமில்ல? தெரியலங்கறா. அதுக்கு நான் என்ன பண்றது. கண்ண மூடிக்கிட்டு ஊட்டுக்குள்ள நடந்து பழகறா. அடுப்படியில இருந்து ஸ்டுடியோவுக்குப் பதினாலு அடின்னு எண்ணி வெச்சிருக்கா. முழுசாப் போறதுக்குள்ள பழகிக்கோணுமாம்.

உக்காருங்க டீச்சர், டீ குடிச்சுட்டுப் போலாம். அடுப்படியில இருந்து கிளம்பிட்டா. என்ன, கொஞ்சம் மெதுவா வருவா.