பட்டியலில் ஒரு வரி

பிறரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். எழுதிய கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் கருவி என் பொறுப்பு. எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று அதனிடம் ஒரு பட்டியல் உண்டு. ஒன்று மாறினால், அதை நம்பியிருப்பவற்றை மட்டும் புதிதாகத் தயாரிக்கும். மருந்தளவு அட்டவணையை ஏறக்குறைய எல்லாமே நம்பியிருந்தன. எண்கள் மாறாவிட்டாலும் அந்த அட்டவணையின் தேதி ஒவ்வொரு முறையும் மாறும். கருவி அதைக் கண்டு எல்லாவற்றையும் தயாரிக்கும். ஒரு பில்டுக்கு, அதாவது ஒருமுறை தொகுத்து முடிக்க, நாற்பத்தோரு நிமிடம். "பில்டைப் போட்டுட்டு ஒரு கல்யாணத்துக்கே போய்ட்டு வந்துடலாம்" என்று கேலி செய்வார்கள்.

தேதியை விட்டு எண்களை ஒப்பிடக் கருவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம். இரண்டு வாரமாகும். நான் பட்டியலிலிருந்து அட்டவணையின் வரியை எடுத்துவிட்டேன்; இனி அட்டவணையில் எது மாறினாலும் கருவிக்குத் தெரியாது. நாற்பத்தோரு நிமிடம் ஆறு நிமிடமாயிற்று. கைதட்டினார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பச்சிளங்குழந்தைகளுக்கான உச்ச அளவைக் குறைத்தார். பழைய எண் தவறாம். மூன்று மணிக்குப் பதிவு செய்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நான் மாத்தினது உள்ள போச்சா? என்னமோ சந்தேகமாவே இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஒருதடவை ஓட்டிப் பாரேன்."

"ஓட்டிட்டேன்க்கா. எல்லாம் சரியா இருக்கு."

"நிஜமா?"

"உங்ககிட்ட பொய் சொல்வேனா? பையனுக்குக் காய்ச்சல்னீங்களே, கிளம்புங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் குடையை என் நாற்காலியில் மாட்டினார். "மழை வர்ற மாதிரி இருக்கு. நான் பஸ்ல போயிடுவேன், நீ வச்சுக்கோ."

நான் ஓட்டவில்லை. ஓட்டினால் மறுபடி நாற்பத்தோரு நிமிடமாகும்; ஏன் என்று பார்த்தால் அந்த வரி இல்லாதது தெரிந்துவிடும். திங்கட்கிழமை மேலாளர் என் ஆறு நிமிடத்தைத் தலைமையிடம் காட்டுவதாக இருந்தார். ஐந்து மணிக்குப் பழைய எண்ணோடு மென்பொருள் வெளியே போனது.

இரண்டு குழந்தைகள். இறந்த தேதிகள் உங்கள் போலீஸ் கோப்பில் இருக்கின்றன.

செய்தி வந்த அன்று வரியை மறுபடி சேர்த்தேன். அக்காவின் பதிவு நேரத்தை மூன்று மணியிலிருந்து ஏழு மணியாக்கினேன், வீட்டிலிருந்து அனுப்பியதைப் போல. அலுவலக விசாரணையில் அதைக் காட்டியதும் அவர் அந்த நேரத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். கடைசியில், "மறந்துட்டேன் போல" என்றார். "பாவம், தம்பியை ஒண்ணும் கேக்காதீங்க. நான் சொன்னதை நம்பித்தானே அவன் அனுப்பினான்" என்றும் சொன்னார்.

பட்டியலையும் பதிவு நேரங்களையும் கருவி தானாக நகலெடுத்து வைப்பதை நான் மறந்துபோனேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆம், எல்லாம் நான் செய்ததுதான்.

அக்கா இப்போது வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். கதவைப் பூட்டிவிட்டு நான்கு முறை இழுத்துப் பார்க்கிறார். மகனிடம், "உனக்கு மாத்திரை கொடுத்தேனாடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான் செவ்வாய்தோறும் பழம் வாங்கிக்கொண்டு போவேன். "மறதி யாருக்குத்தான் இல்லக்கா, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்வேன். அழுவார், கொஞ்சம் தேறுவார்.

என்னை உள்ளே வைத்துவிட்டால் அவருக்கு ஆறுதல் சொல்ல யாரும் இல்லை. எனக்காக இல்லாவிட்டாலும் அதையாவது நீங்கள் யோசிக்க வேண்டும்.