வேலியோரம் மணம் கடுமை

எனக்குக் கோப்பி பிடிக்காது. விசாரணை நாளில் எங்கள் அலுவலகப் பகுதித் தலைவி எமிலியா ஊற்றித் தந்தபோது மட்டும் மறுக்காமல் குடித்தேன். முகத்தை முறிக்கக் கூடாது. அவருக்கு டேனிஷில் சொன்னது பாதிதான். மற்றப் பாதி டேனிஷில் சொன்னால் விளங்காது. ஆகவே உங்களுக்குத் தமிழில் முழுதாகச் சொல்கிறேன்.

நான் அழகரத்தினம். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலிருந்து காரில் போகிற தூரத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கொம்யூனில், அதாவது நகரசபையில், சுற்றாடல் அதிகாரி. ஊரின் குப்பை, கழிவுநீர், சத்தம், மணம் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஊர்த் தமிழர் தவராஜா, தான் வேலை செய்த துணி ஆலை மூடியபிறகு, கண்ணாடிக்கூடம் போட்டுத் தக்காளி வளர்த்தவர். பிறகு மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க அரசாங்க அனுமதி எடுத்தார். களவில்லை, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வளர்க்கலாம் என்று அரசாங்கம் சொல்லும். எந்த நிலத்தில், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தள்ளி, இரவில் எவ்வளவு வெளிச்சத்தோடு, அயலவர் மூக்குக்கு எட்டாமல் எப்படி என்பதையெல்லாம் கொம்யூன் சொல்லும். எங்கள் ஊரில் அந்தப் பூசாரி நான்.

வேலிக்கு வெளியே மணம் வரக் கூடாது என்பது நிபந்தனை. அளந்து பார்க்க ஆய்வுகூடம் உண்டு. அதற்கு முன்னால் அதிகாரியின் மூக்கு. நான் கிழமைக்கொரு தடவை போய், வேலியோரம் நின்று மூச்சிழுத்து, "மணம் கடுமை" என்று பதிந்தேன். தவராஜா மணத்தை உறிஞ்சக் கரி வடிகட்டி பூட்டினார். மறுபடியும் பதிந்தேன். புகைபோக்கியை உயர்த்தினார். மறுபடியும் பதிந்தேன். இரட்டைக் கதவு போட்டார்.

"ஓம் அண்ணை, செய்வம். முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பார் ஒவ்வொரு முறையும்.

குடித்தேன். கடமை வேறு, தேத்தண்ணி வேறு.

பக்கத்துக் காணிக்காரி மாக்கிரட்டிடமும் விசாரித்தேன். பரம்பரையாகப் பன்றி வளர்க்கிறவர். மணம் ஒன்றுமில்லை என்றார். வடிவாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். நாலைந்து தரம் யோசித்தபிறகு அவருக்கும் மணத்தது. அதிகாரி சொன்னால் இங்கே சனங்கள் நம்புவார்கள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம் அது.

கடைசியில், பூக்கிற செடி இனி வைக்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். அந்தச் செடியில் மருந்தே பூதான். தவராஜா கூடத்தை மூடினார். அங்கே வேலை செய்த பெண்கள் அழுதுகொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் கவலைதான். அன்றைக்கு ஒரு கரண்டி சோறு குறைத்தே சாப்பிட்டேன்.

மூடிய பிறகு தவராஜா ஒன்றே ஒன்று கேட்டார்: தலைவியே ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். எமிலியாவும் நானும் போனோம். இறங்கியவுடன் எமிலியா கழுத்துத் துண்டால் மூக்கைப் பொத்தினார். தவராஜாவின் கண்ணில் நீர் வடிந்தது. கவலையாக்கும் என்று நினைத்தேன். நான் வழக்கம்போல் வேலியோரம் போய், நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"கஞ்சாதான். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்."

தவராஜா மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, செடியெல்லாம் போன கிழமையே வெட்டி ஏத்திப்போட்டன். உள்ளுக்கை ஒண்டுமில்லை. இது மாக்கிரட் வயலுக்கு விசிறின பண்டிச் சாணம்."

எமிலியா கோப்பி ஊற்றித் தந்தது அதற்கு மறுநாள். நான் ஒளிக்காமல் சொன்னேன். கொரோனா வந்து போனபோது என் மூக்கின் வேலையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகைந்தாலும் எனக்குத் தெரியாது. சொன்னால் குப்பைவாளிப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்தேன். எமிலியா இரக்கத்தோடு கேட்டு, எனக்கு லீவு தந்தார். கொம்யூன் தவராஜாவிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் கூடம் கைமாறிவிட்டது. அவர் இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

ஆனால் மூக்கில்லாதவன் "மணம் இல்லை" என்றும் பதிந்திருக்கலாம். ஏன் பதியவில்லை என்று எமிலியா கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மங்கல விளக்கேற்ற முதலில் என் பெயரைத்தான் வாசிப்பார்கள். கொம்யூனில் உத்தியோகம் பார்க்கிற ஒரே தமிழன் நான். தவராஜா அனுமதி எடுத்த வருடம், "தொழிலதிபர்" என்று அவரை முதலில் கூப்பிட்டார்கள். நான் இரண்டாவது. இரண்டாவதும் திரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் முதல் ஆளின் முகம் விழும், இரண்டாவது ஆளின் முதுகுதான் விழும்.

"இஞ்சேருங்கோ, ஒரு திரிக்கு ஏன் இப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?" என்றாள் என் மனைவி சரோஜினிதேவி.

திங்கட்கிழமை விடிந்ததும் வேலியோரம் போனேன். தவராஜாவின் பிழைப்பை நான் அழித்தது ஒரு திரிக்காகத்தான்.

இந்தப் பொங்கலுக்கு முதலில் என் பெயரை வாசித்தார்கள். தவராஜாவே செயலாளரிடம் சொன்னாராம்: "நான் இப்ப முதலாளி இல்லைத்தானே. அண்ணையைக் கூப்பிடுங்கோ." மேடையில் கதவுப் பக்கமிருந்து காற்று வந்தது. திரி பற்றவில்லை. சபை பார்த்துக்கொண்டிருந்தது. தவராஜா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையாலும் திரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தார்.

"இப்ப ஏத்துங்கோ அண்ணை."

பற்றியது. படத்தில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. நான் வன்மம் வைத்திருக்கிறவன் இல்லை. அந்த நிமிடமே அவரை மன்னித்துவிட்டேன்.